மினி பஸ்ஸோடு கொலோனுக்கு: ஒரு கேம் சந்தையின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 17, 2024, சனி. சென்னை விமான நிலையம்

இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டோம், ஒரு ஆள்தான் கிளம்புகிறேன். பார்ட்னரின் பாஸ்போர்ட் இன்னும் விசாவுக்குக் கொடுத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே நாளில், ஒரே கவுன்ட்டரில், ஒரே மாதிரி காகிதக் கட்டைத்தான் இருவரும் கொடுத்தோம். என்னுடையது பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டது. அவனுடையதைக் கேட்டால் "ப்ராசஸில் இருக்கு சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நேற்று ராத்திரி கோவை ஜங்ஷனில் லேப்டாப், ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் மெஷின், இரண்டு ஹெட்போன், ஒரு பொட்டலம் முறுக்கு எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு, "பில்டு க்ராஷ் ஆனா எந்நேரமா இருந்தாலும் கூப்பிடுடா" என்றான். பில்டு என்பது ஓட்டிக் காட்டத் தயாரான கேம் பதிப்பு. அவன் புரோகிராம் எழுதுபவன். நான் பேசுபவன். இதுவரை அப்படித்தான் ஓடுகிறது.

சரவணம்பட்டியில் ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் ஏழு பேர் இருக்கிறோம். சோறு போடுவது அடுத்தவர்கள் கேமுக்குச் செய்து கொடுக்கும் வேலை: கார் டயர், மரப்பெட்டி, பாறை, பாழடைந்த மாதா கோயில், மறுபடியும் பாறை. சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நான்கு வருஷமாக எங்களுக்கென்று ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். பெயர் 'மினி பஸ்'. காரமடைப் பக்கம் ஒரு மலையடிவாரக் கிராமத்துக்கு ஓடும் மினி பஸ். டிரைவரும் நீங்கள்தான், கண்டக்டரும் நீங்கள்தான். யாரை ஏற்றுவது, யாருக்குக் கடன் சொல்வது, பின்னால் வரும் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் ஸ்டாப்பைப் பிடிப்பது எப்படி. அவ்வளவுதான் கேம்.

இதை விற்கத்தான் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற கேம் சந்தைக்குப் போகிறேன். பையில் இரண்டு பிட்ச் டெக், அதாவது வாங்குபவரிடம் காட்டும் ஸ்லைடு கட்டு இருக்கிறது. ஒன்று மினி பஸ்ஸுக்கு. இன்னொன்று 'நாங்கள் பாறை செய்வோம், மரப்பெட்டி செய்வோம்' என்று சொல்லும் சர்வீஸ் டெக். முதலாவதைத்தான் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. லெவர்குசன்

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் ஸ்டேஷன். அங்கிருந்து கொலோனுக்கு ஐசிஇ ரயிலில் ஒரு மணி நேரத்துச் சொச்சம். நடுவில் வேகம் 300-ஐத் தொடுகிறது, மடியில் வைத்த காபி அசையவில்லை.

கொலோனில் இந்த வாரம் ஹோட்டல் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். மற்ற வாரத்தில் 90 யூரோவுக்குக் கிடைக்கும் அறையை 300 என்கிறார்கள். நல்ல வேளையாக ஒரு நண்பரின் மூலம் பக்கத்து ஊரான லெவர்குசனில் ஓர் ஈழத் தமிழர் வீட்டு மாடியறை கிடைத்தது. வாசலிலேயே அக்கா, "வாங்கோ தம்பி, களைச்சுப்போய் வந்திருக்கிறியள், முதல்ல சாப்பிடுங்கோ" என்றார். இடியாப்பம், சொதி, சம்பல். அண்ணை 1986-ல் இங்கே வந்தவர். நான் என்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப விளையாட்டு விக்க வந்திருக்கிறியள். ஆர் வாங்குவினம்?" என்றார்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அண்ணை வந்திருக்கிறேன் என்றேன்.

தெருவெல்லாம் சிவப்பு கறுப்புக் கொடி. இந்த ஊர் கால்பந்து அணி போன சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீகை வென்றிருக்கிறது. அண்ணையின் பத்து வயது மகன் ஜெர்சியைக் கழற்றாமலேயே தூங்குகிறான்.

ஆகஸ்ட் 19, திங்கள். டெவ்காம்

சந்தை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் டெவ்காம் என்று கேம் செய்பவர்களுக்கான மாநாடு ஒன்று நடக்கிறது. பேச்சுகள் உண்டு. ஆனால் பேச்சு கேட்க மட்டும் இங்கே வருபவர்கள் குறைவு. எல்லாரும் வருவது காபி வரிசைக்கு.

காபி வரிசையில் நின்றால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கழுத்தில் பேட்ஜ். கண் முகத்துக்குப் போகாமல் நேராக பேட்ஜுக்குப் போகிறது. கேமுக்குப் பணம் போட்டு வெளியிடுபவர் பப்ளிஷர், அவருக்காக கேம் தேடி அலைபவர் ஸ்கவுட். பெயருக்குக் கீழே 'பப்ளிஷிங்' என்றோ 'ஸ்கவுட்' என்றோ இருந்தால் முகத்தில் தானாகச் சிரிப்பு வருகிறது. என்னுடையதைப் படிப்பவர்கள் 'இந்தியா' என்ற இடத்தில் ஒரு நொடி நின்று, "ஓ, ஆர்ட் அவுட்சோர்சிங்?" என்கிறார்கள். காலையில் மட்டும் நான்கு பேர். இல்லை, சொந்த கேம் என்று சொன்னதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மாறுகிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் ஒரு மரியாதை இருக்குமே, அது.

எங்கும் கேட்ட வாக்கியம் 'சர்வைவ் டில் 25'. 2025 வரை எப்படியாவது உயிரைப் பிடித்துக்கொள், அப்புறம் நிலைமை சரியாகும் என்று அர்த்தம். கோவிட் காலத்தில் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடியபோது பணம் கொட்டியது. கம்பெனிகள் ஆளைச் சேர்த்துக்கொண்டே போயின. வட்டி ஏறியதும் முதலீடு வற்றியது. மைக்ரோசாஃப்ட் மட்டும் இந்த ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. இன்று மதியம் என்னோடு சாப்பிட்டவர் ஒரு கம்பெனியின் பேட்ஜ் போட்டிருந்தார். அந்தக் கம்பெனியில் வேலை போய் மூன்று வாரம் ஆகிறதாம். பாஸுக்கு முன்பே பணம் கட்டியிருந்தார்கள், வீணாக்க வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்றார். இங்கே எத்தனை பேர் விற்க வந்தார்கள், எத்தனை பேர் வேலை தேடி வந்தார்கள் என்று பேட்ஜைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சாயங்காலம் ரைன் நதிக்கு மேலே ஹோஹென்சோலர்ன் பாலத்தில் நடந்து அந்தப் பக்கம் போனேன். ஒரு பக்கம் ரயில்கள் ஓடுகின்றன, நடைபாதைக் கம்பிவேலி முழுக்கக் காதலர்கள் பூட்டிய பூட்டுகள். பாலம் முடிகிற இடத்தில் பேராலயம், உயரம் 157 மீட்டர். 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்திருக்கிறார்கள். நடுவில் முந்நூறு வருஷம் வேலை நின்றுபோய், பாதியில் விட்ட கோபுரத்தின் மேல் பழைய மரக் கிரேன் அப்படியே நின்றிருந்ததாம். போட்டோ எடுத்துப் பார்ட்னருக்கு அனுப்பினேன். "அப்ப நம்ம நாலு வருஷம் லேட்டே இல்ல" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய். ஹோட்டல் மொட்டைமாடி மாநாடு

இந்தச் சந்தைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2002 முதல் 2008 வரை லைப்சிக் நகரத்தில் கேம்ஸ் கன்வென்ஷன் என்று ஒன்று நடந்தது. 2009-ல் கொலோன் கேம்ஸ்காம் என்ற பெயரில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் ஈ3 கேம் கண்காட்சி போன டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்ட பிறகு இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. போன வருஷம் வந்த கூட்டம் 3,20,000.

அந்தக் கூட்டம் வருவது புது கேமை ஆடிப் பார்க்க. எங்களைப் போன்றவர்களுக்கு 2, 3, 4 ஆகிய ஹால்கள். 'பிசினஸ் ஏரியா' என்பார்கள். வாசலில் செக்யூரிட்டி, உள்ளே கார்ப்பெட், ஸ்பீக்கர் அலறல் கிடையாது. அங்கே ஆளைப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அதற்கென்றே மீட்-டு-மேட்ச் போன்ற தளங்கள் இருக்கின்றன. யாருக்கு என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டுவிட்டுக் கோரிக்கை அனுப்பினால், மறுபக்கம் சரி என்றதும் அரை மணி நேரக் கட்டம் ஒன்று காலண்டரில் நிரம்பும். ஒரு மாதமாக உட்கார்ந்து 64 பேருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் அவர்கள் கடைசியாக வெளியிட்ட கேமைப் பற்றி ஒரு வரி எழுதினேன். பொதுவாக எழுதி எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். 19 பேர் சரி என்றார்கள். அதில் ஏழு பேர் சர்வீஸ் டெக்கைக் கேட்டவர்கள்.

இன்று ராத்திரி எட்டு மணிக்குத் திறப்பு விழா ஷோ. உள்ளே போக எனக்கு டிக்கெட் இல்லை. டாய்ட்ஸ் பக்கம் ஆற்றங்கரையில் ஹயாத் ஹோட்டல் இருக்கிறது. பாஸ் இருக்கிறதோ இல்லையோ, ராத்திரியானால் கேம் வியாபாரிகள் பாதிப் பேர் அங்கேதான். ஒரு ஆரஞ்சு ஜூஸை இரண்டு மணி நேரம் குடித்தேன். பெரிய மேடையில் என்னென்னவோ ட்ரெய்லர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மொட்டைமாடியில் எல்லார் கையிலும் இருந்த திரையில் ஒரே எண்தான். சீனாவின் கேம் சயின்ஸ் ஸ்டூடியோ செய்த பிளாக் மித்: வுகோங் இன்றுதான் வெளிவந்தது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒரே நேரத்தில் 22 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். கதாநாயகன் அவர்கள் புராணத்துக் குரங்கு.

பக்கத்து நாற்காலிக்காரர் என் பேட்ஜைப் பார்த்தார். "உங்களிடமும் ஒரு குரங்குக் கடவுள் இருக்கிறார் இல்லையா?" என்றார்.

ஆகஸ்ட் 21, புதன். முதல் நாள், ஏழு மீட்டிங்

இன்று பிரஸ்ஸுக்கும் வியாபாரிகளுக்குமான நாள். முதல் மீட்டிங் 9:30. கம்பெனியின் ஸ்டாலில் ரிசப்ஷனிஸ்ட் டேப்லெட்டைப் பார்த்துப் பெயரை டிக் செய்து, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, டாக்டர் க்ளினிக் மாதிரி உட்காரச் சொன்னார். பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். சுவர் பிளைவுட், பக்கத்து அறையில் பேசுவது கேட்கிறது. அங்கேயும் எவனோ ஒருவன் நாலு வருஷக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் என்பது கேட்பதற்குத்தான் அரை மணி. வணக்கம் சொல்லி, பயணம் எப்படி என்று கேட்டு முடிக்க மூன்று நிமிஷம். கடைசி ஐந்து நிமிஷம் அடுத்த மீட்டிங்குக்கு ஓட. நடுவில் இருப்பது 22. வந்தவர் ஸ்கவுட், வயது முப்பது இருக்கும். ஹெட்போனை மாட்டினார், பஸ்ஸைக் கிளப்பினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்தேன். ஆர்வம் இருந்தால் விரல் தேடும், எதையாவது அமுக்கிப் பார்க்கும். நான்காவது நிமிஷம் விரல் நின்றது. மரியாதைக்காக இன்னும் ஒரு ஸ்டாப் வரை ஓட்டிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"ரொம்ப வித்தியாசமாக இருக்கிறது" என்றார். அப்புறம், எங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு இப்போது பொருந்துமா என்று டீமோடு பேசிச் சொல்கிறேன் என்றார்.

இங்கே யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஊரில் கடைக்காரர் "இல்லீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், நாமும் அடுத்த கடைக்குப் போவோம். இங்கே அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல பத்து வழி வைத்திருக்கிறார்கள். 'ரொம்ப வித்தியாசம்' என்றால் இல்லை. 'அடுத்த பில்டு வந்ததும் அனுப்புங்கள்' என்றால் பெரும்பாலும் இல்லை. 'விஷ்லிஸ்ட் எத்தனை இருக்கிறது?', அதாவது வாங்க நினைத்து ஸ்டீமில் குறித்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, பதில் சொன்னதும் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் கண்டிப்பாக இல்லை. கேள்வி பணத்தைப் பற்றி வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் அந்த வேலை இழந்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் நாளின் ஏழு மீட்டிங்கில் பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று பேர் அனுமாரைப் பற்றிக் கேட்டார்கள். அதில் ஒருவர் நேராகவே, "இந்த பஸ்ஸை ஓரமாக வையுங்கள், உங்கள் குரங்கை வைத்து ஒன்று செய்ய எவ்வளவு ஆகும்?" என்றார். வுகோங்கைப் பல வருஷம் ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து செய்திருக்கிறது. எங்களிடம் ஏழு பேர், அதில் ஒருத்தி பாதி நேரம் மட்டும். சிரித்து வைத்தேன்.

மதியம் நான்காவது மீட்டிங்கில் க்ராஷ். கண்டக்டர் விசில் ஊதினதும் திரை உறைந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன், மறுபடி விசில், மறுபடி உறைந்தது. எதிரில் இருந்த அம்மா ரொம்ப நல்லவர், "டெமோ என்றால் இதெல்லாம் சகஜம்" என்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மீதி மூன்று மீட்டிங்கையும் விசில் ஊதாமல் ஓட்டினேன். விசில் இல்லாத மினி பஸ் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

ராத்திரி பார்ட்னரைக் கூப்பிட்டேன். அங்கே மணி ஒன்றரை. முதல் ரிங்கிலேயே எடுத்தான். கதையைக் கேட்டுவிட்டு, "விசில் ஆடியோ ஃபைல் பேர்ல ஸ்பேஸ் இருக்குடா" என்றான். நான்கு வருஷ உழைப்பை ஒரு இடைவெளி நிறுத்தியிருக்கிறது. காலை எழுந்தபோது புது பில்டு ஏறியிருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன். டைம் டேபிள்

இன்று பொதுமக்களுக்குக் கதவு திறந்தாயிற்று. ரயிலிலேயே கையில் அட்டைக் கத்தி, முதுகில் இறக்கை வைத்துக்கொண்டு ஆட்கள். ஹால்களை இணைக்கும் நீண்ட நடைபாதையை போல்வார்டு என்கிறார்கள். பத்து மணிக்கு அது தேர்த்திருவிழா. அந்தக் கூட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பிசினஸ் ஏரியாவுக்குள் நுழைந்தால் திடீரென்று காது அடைத்தது மாதிரி அமைதி.

பதினொரு மணி மீட்டிங்கைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும், மற்றவை நேற்றைப் போலவே.

ஜெர்மனியில் சிமுலேட்டர் கேமுக்குத் தனி மவுசு. பக்கத்து ஊரான டூசல்டார்ஃபில் உள்ள அஸ்ட்ராகான் பஸ் சிமுலேட்டர், கன்ஸ்ட்ரக்‌ஷன் சிமுலேட்டர் எல்லாம் வெளியிடுகிறது. பெர்லின் ஸ்பாண்டாவ் வழித்தடப் பேருந்தை ஓட்டும் கேம் ஒன்று 2011-லேயே வந்து, இன்னமும் அதற்குப் புது வழித்தடம் செய்து போடுபவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் மக்கள். இதைத் தெரிந்துதான் அந்த வகை கேம் வெளியிடும் ஒரு சின்ன கம்பெனிக்கு எழுதியிருந்தேன்.

வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும், சட்டைப் பையில் பேனா. முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "எத்தனை சீட்?"

"25 சீட். 60 பேர் ஏறுவார்கள்."

பேனாவை எடுத்தார். "மீதி 35 பேர் எங்கே?"

உள்ளே நிற்பவர்கள், படிக்கட்டில் நிற்பவர்கள், இன்ஜின் பானெட் மேல் உட்காருபவர்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பால் கேனோடு ஒருவர் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். 1997-ல் தமிழ்நாட்டில் பஸ் போகாத கிராமங்களுக்காக மினி பஸ் வந்த கதையைச் சொன்னேன், அதையும் எழுதினார். பிறகு ஓட்ட ஆரம்பித்தார்.

இன்டிகேட்டர் போட்டுத்தான் கிளப்பினார். எங்கள் கேமில் இன்டிகேட்டர் பட்டன் இருப்பதை நான்கு வருஷத்தில் பயன்படுத்திய முதல் ஆள் அவர்தான். முதல் ஸ்டாப்பில் மூன்று பேரை ஏற்றினார், நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறது. திரையில் பயணிகள் "போலாம் போலாம்" என்கிறார்கள். நான் பொறுக்கமாட்டாமல், கிளம்பலாம் சார் என்றேன்.

"போர்டில் 7:10 என்று இருக்கிறது. இப்போது 7:09."

டவுன் பஸ் முந்திக்கொண்டு போய் அடுத்த ஸ்டாப்பின் பன்னிரண்டு பேரையும் அள்ளிக்கொண்டது. அவர் 7:10-க்குக் கிளம்பினார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதே கதை. கடைசி ஸ்டாப்பில் கல்லாப்பெட்டியில் 46 ரூபாய். டீசலுக்கே பற்றாது. ஆனால் ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் மலையடிவாரம் போய்ச் சேர்ந்து, இன்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, "அடுத்த ட்ரிப் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கட்டைவிரல் ஒரு நொடியும் நிற்கவில்லை. 22 நிமிஷமும் ஆடினார். வெளியே அடுத்த மீட்டிங்காரர் கதவைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தார். அப்புறம் பணத்தைப் பற்றிக் கேட்டார்.

முடிக்க 1,50,000 யூரோ வேண்டும் என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கணக்கு போட்டுக் காட்டினார். கேம் விலை 15 யூரோ. ஜெர்மனியில் விற்றால் 19 சதவீத வரி கழித்து 12.60. ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 8.82. அவர் போட்ட பணம் திரும்ப 17,000 பேர் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். இதைத்தான் ரீக்கூப் என்பார்கள். முதல் 17,000 பிரதி விற்று முடியும்வரை எங்களுக்கு ஒரு பைசா பங்கு கிடையாது. தள்ளுபடியில் விற்றால் அந்த எண் இன்னும் ஏறும். நம் ஊரில் குறைந்த விலைக்கு விற்றால் அதுவும் ஏறும். அவர் ஏமாற்றவில்லை, ஒளிக்கவும் இல்லை. கிட்டத்தட்ட எல்லா பப்ளிஷரும் கொடுப்பது இந்த ஒப்பந்தம்தான். ஆனால் ஸ்லைடில் பார்ப்பதும் ஒருவர் பேனாவால் எழுதிக் காட்டுவதும் வேறு. எங்கள் கேமை இதுவரை விஷ்லிஸ்ட் செய்தவர்கள் 2,300 பேர். அதைச் சொன்னேன். அந்த எண்ணையும் எழுதிக்கொண்டார்!

மூன்று மாதத்தில் முழுசாக ஒரு வழித்தடம் அனுப்பச் சொன்னார். இரண்டு விஷயம் வேண்டுமாம். டிக்கெட் கிழிப்பதை ஆடுபவரே செய்ய வேண்டும். அப்புறம், டைம் டேபிளை மதித்து ஓட்டுபவர்களுக்கென்று தனியாக ஒரு மோட்.

சாயங்காலம் ஒரு நாட்டின் பெவிலியனில் ஐந்து மணி விருந்து, அங்கிருந்து ஏழெட்டுப் பேர் பழைய ஊருக்குள் ஒரு பியர் ஹவுஸுக்கு. கேல்ஷ் என்ற இந்த ஊர் பியரை 200 மில்லி ஒல்லி கிளாஸில் தருகிறார்கள். காலியானதும் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு. போதும் என்றால் அட்டையை கிளாஸ் மேல் வைத்து மூட வேண்டும். நான் குடிப்பதில்லை. ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது சொன்னேன். அதை வைத்த சர்வர் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கூட வந்த ஸ்கவுட்டுகளில் இருவர் அட்டையில் பதினாலாவது கோட்டில் உண்மை பேசினார்கள்: அவர்கள் கம்பெனி இந்த வருஷம் எதிலும் கையெழுத்துப் போடப்போவதில்லை. பட்ஜெட் ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. வராமல் இருந்தால் கம்பெனி மூடப்போகிறது என்று பேச்சு கிளம்பும், அதனால் வந்து மீட்டிங் போடுகிறார்கள். அதில் ஒருவர் புதன்கிழமை என்னிடம் "டீமோடு பேசிச் சொல்கிறேன்" என்றவர்.

ஆகஸ்ட் 23, வெள்ளி. சர்வீஸ் டெக்

வுகோங் மூன்று நாளில் ஒரு கோடி பிரதி. காலை காபி வரிசையில் வேறு பேச்சே இல்லை. என்னை அனுமார் பற்றிக் கேட்டவர்கள் எண்ணிக்கை ஒன்பதில் வந்து நிற்கிறது.

இன்று இருந்தவை எல்லாம் சர்வீஸ் மீட்டிங். சத்தியத்தை மீறித்தான் ஆக வேண்டும், வீட்டில் ஏழு பேர் சம்பளம் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். மினி பஸ்ஸைக் காட்டும்போது எனக்கு வியர்க்கிறது. பாறையும் மரப்பெட்டியும் காட்டும்போது கால் மேல் கால் போட்டு உட்காருகிறேன். இந்த வேலையில் நமக்கு முன்னால் பாதை போட்டவர்கள் உண்டு. பெங்களூரில் 1997-ல் தொடங்கிய துருவா பல வருஷம் வெளிநாட்டு கேம்களுக்கு கார் செய்து கொடுத்தது. 2019-ல் ஜிடிஏ கேம் செய்யும் ராக்ஸ்டாரே அதை வாங்கிக்கொண்டது. அதனால் இந்தியா என்றதும் 'கை சுத்தம், வேலை சுத்தம்' என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அடுத்த அறையில் சொந்த கேமோடு போனால் குறுக்கே நிற்கிறது. துருவாக்காரர்களுக்கும் இதே அவஸ்தை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகள் நேரடியானவை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? எத்தனை பேரை எப்போது தர முடியும்? ஒருவர் மட்டும் விலையைச் சொன்னதும், வேறு நாட்டில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்களே என்றார். அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று உக்கடம் காய்கறிக் கடைக்காரர் போலச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

கடைசி மீட்டிங்கில் ஒரு டீம் ஆர்ட் டெஸ்ட் தருகிறோம் என்றது. ஒரு வண்டியை மாடல் செய்து இரண்டு வாரத்தில் அனுப்ப வேண்டும், பிடித்தால் நாற்பது வண்டி. டெஸ்ட்டுக்குக் காசு உண்டா என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உண்டு என்றார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்குப் புதுசு.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. 10.2 ஹாலுக்குப் போனேன், இண்டி அரீனா பூத். சின்ன டீம்கள் வரிசையாக மேஜை போட்டு கேமை வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் தன் கேமுக்குப் பக்கத்தில் நின்று, ஆடும் பெண்ணின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 24, சனி. ஹாம்

அண்ணை காரில் ஹாம் நகரத்து ஶ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவில் திடீரென்று கோபுரம். 2002-ல் குடமுழுக்கு நடந்தது. ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களில் இதுவும் ஒன்று. பிரசாதம் சாப்பிட்டோம், நான் மரத்தடியில் உட்கார்ந்து 19 பேருக்கும் மெயில் எழுதினேன். திங்கட்கிழமை எல்லார் பெட்டியிலும் நூறு மெயில் விழும், அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

திரும்பி வந்ததும் மகன் ஸ்டீம் டெக்கைப் பிடுங்கிக்கொண்டான். முதல் ட்ரிப்பிலேயே மூன்று ஸ்டாப்பில் நிறுத்தாமல் டவுன் பஸ்ஸை முந்தி, கல்லாவில் 610 ரூபாய் சேர்த்துவிட்டான். "கிழவி ஒராள் நிண்டவ, ஏத்தாமல் போறியோ?" என்று அக்கா பின்னாலிருந்து திட்டினார். "அவ காசு குடுக்கமாட்டா அம்மா, கடன் சொல்லுவா" என்றான் ஜெர்மன் கலந்த தமிழில்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. பிராங்க்ஃபர்ட்

விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான்கு பதில் வந்துவிட்டது, மூன்று 'ரொம்ப வித்தியாசம்' வகை. நான்காவது ஆர்ட் டெஸ்ட்டுக்கான விவரம். திறந்து பார்த்துப் பார்ட்னருக்கு ஃபார்வர்டு செய்தேன். செய்ய வேண்டிய வண்டி பஸ்தான். ஜெர்மன் டவுன் பஸ், 12 மீட்டர், மூன்று கதவு, இன்டிகேட்டர் விளக்கு தனியாக எரிய வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"சரி. நின்னுக்கிட்டு வர்றவங்க எத்தனை பேர்னு கேளு."

இன்னொரு மெசேஜ் உடனே: "பாஸ்போர்ட் வந்துடுச்சு. விசா போட்டிருக்காங்க. இருபதாம் தேதியிலிருந்து செல்லும்."

இன்று 25.